பஞ்சு மிஸ்ஸின் கண்ணாடி அலமாரி

எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் மட்டும் ஏறிக்கொண்டிருந்தாள்.

அபாய மணி நிறுத்தாமல் அலறியது. மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, பயமும் குஷியும் கலந்த முகங்களோடு இறங்கி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் முழங்கையால் வழி பிளந்துகொண்டு அவள் ஓடினாள்.

"ஓரமாப் போங்க! யாருடா அது கைப்பிடியில சறுக்கறது? விழுந்தா நான்தான் கட்டுப் போடணும்!"

முதலில் இறங்கிய ஏழாம் வகுப்பை மைதானத்தில் எண்ணியபோது ஒரு தலை குறைந்தது. புகைந்துகொண்டிருந்தது மேல்மாடிக் கோடியில் இருந்த மின்சாரப் பெட்டி. ஓவிய அறை அதற்கு அடுத்த கதவு.

மேல்மாடியில் கால் வைத்ததுமே கண் எரிந்தது. ரப்பர் கருகும் நாற்றம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓவிய அறைக் கதவை உதைத்துத் திறந்தாள்.

உள்ளே ஒரு சிறுமி. வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, உலகப் படத்தில் கடலுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ பொண்ணே! எழுந்திரு!"

தூரிகை நிற்கவில்லை.

"உன்னைத்தான்! நெருப்பு!"

தூரிகை ஒரு தீவைச் சுற்றிக் கவனமாக வளைந்தது.

நர்ஸ் பாய்ந்துபோய்த் தோளைத் தொட்டாள். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பிய சிறுமி, முதலில் நர்ஸின் வாயைப் பார்த்தாள். பிறகுதான் புகையைப் பார்த்தாள்.

அந்த வரிசை நர்ஸின் மனதில் முள்ளாகக் குத்தி நின்றது. யோசிக்க நேரமில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கீழே வந்து சேர்ந்தபோது மின்சார இணைப்பைத் துண்டித்து, மணலைக் கொட்டிப் புகையை அடக்கிவிட்டார்கள். ஆனால் மைதானத்தின் நடுவில் இன்னொரு நெருப்பு நின்றுகொண்டிருந்தது. தலைமையாசிரியை.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சத்தமா'. யார் என்ன சொன்னாலும் "சத்தமாச் சொல்லு!" என்பார். பேசுகிறவர்களின் பல்லை எண்ணுவதுபோல் வாயையே உற்றுப் பார்ப்பார். பொய் சொன்னால் பல்லிலேயே தெரிந்துவிடும் அவருக்கு என்று சின்னப் பிள்ளைகள் நம்பினார்கள்.

"பள்ளிக்கூடமே ஓடி வருது. இந்த மகாராணி மட்டும் உட்கார்ந்து படத்துக்கு வர்ணம் பூசிக்கிட்டு இருந்தாங்களாக்கும்?"

சிறுமி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "மன்னிச்சிடுங்க மேடம். மணி அடிச்சது தெரியல."

"சத்தமாச் சொல்லு!"

"மணி அடிச்சது தெரியல மேடம்!"

"தெரியலையாம்! தெருக்கோடி வரைக்கும் கேக்குது, இவளுக்குத் தெரியலையாம். அறிவியல் டீச்சர் கேள்வி கேட்டா பதில் கிடையாது. நான் வராந்தாவுல பின்னாலயிருந்து கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கறது கிடையாது. இப்ப இது. இதுக்கு மேல இவளை வச்சுக்க முடியாது. வெள்ளிக்கிழமை தாளாளர் வர்றார். அன்னைக்கே டி.சி. கொடுத்து அனுப்பிடலாம்."

சிறுமியின் முகம் வெளுத்தது.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் நர்ஸ். "இவ காதை ஒரு தடவை பாத்துடறேன்."

தலைமையாசிரியை வழக்கம்போல் உடம்பையே திருப்பி, வலது தோளை அவள் பக்கம் கொண்டுவந்தார். "என்ன சொன்னீங்க?"

"காதைப் பாக்கணும் மேடம்."

"வருஷா வருஷம் பாக்கறது நீங்கதானே சிஸ்டர்? இவ காது நல்லாயிருக்குன்னு இந்த வருஷமும் சொன்னது யாரு? பக்கத்து வீட்டுக்காரங்களா?"

நர்ஸுக்குச் சுருக்கென்றது. சொன்னது அவள்தான்.

*

நர்ஸின் அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஒரு கட்டில், எடை பார்க்கும் மெஷின், எப்போதும் நிரம்பியிருக்கும் பஞ்சு ஜாடி. முட்டி சிராய்த்தாலும் பஞ்சு, மூக்கில் ரத்தம் வந்தாலும் பஞ்சு, அழுதால் கண்ணைத் துடைக்கவும் பஞ்சு. அதனால் அவள் பெயர் 'பஞ்சு மிஸ்'. சுவரோரம் ஒரு மருந்து அலமாரி. அதன் கண்ணாடிக் கதவைத் தினமும் அவளே துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாள்.

காது பார்க்கும் முறையும் அவள் வகுத்ததுதான். பிள்ளை அலமாரியைப் பார்த்தபடி முக்காலியில் உட்காரும். காதில் ஹெட்போன். நர்ஸ் பின்னால் உட்கார்ந்து மெஷினின் பட்டனை அழுத்துவாள். 'ப்பீ' என்று கேட்டால் கை தூக்க வேண்டும். அவள் கையைப் பார்த்து யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதுகு காட்டி உட்காரவைக்கும் ஏற்பாடு.

சிறுமியை உட்காரவைத்தாள். பட்டனை அழுத்தினாள்.

கை உயர்ந்தது.

சத்தத்தைக் குறைத்து அழுத்தினாள். கை உயர்ந்தது. இன்னும் குறைத்தாள். உயர்ந்தது. மெல்லிய, கொசு ரீங்காரத்தைவிட மெல்லிய ஒலி. டக்கென்று உயர்ந்தது. இந்தப் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு கூர்மையான காது யாருக்குமே இல்லை.

"போதும் கண்ணு" என்றாள் நர்ஸ் பின்னாலிருந்து. சிறுமி அசையவில்லை. தோளைத் தட்டியதும் திரும்பிச் சிரித்தாள். "பாஸா மிஸ்?"

"பாஸ்தான்" என்றாள் நர்ஸ், குழப்பத்தோடு. "நம்ம மேடம் திட்டினது ரொம்பப் பயமா இருந்துச்சா?"

"பயம்தான் மிஸ். ஆனா மேடம் பேசறதுதான் எனக்கு நல்லாப் புரியும். அவங்க ஒருத்தர்தான் முகத்துக்கு நேரா நின்னு பேசுவாங்க."

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னபோது அவர் உதட்டைப் பிதுக்கினார். "அப்ப காது சரியா இருக்கு. திமிரு எவ்வளவு இருக்குன்னு பாக்க மெஷின் இருந்தா எடுத்துட்டு வாங்க."

அன்று பள்ளி விட்டதும் நர்ஸ் வீட்டுக்குப் போகவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, சிறுமியின் வீடு இருந்த மரம் அறுக்கும் மில்லைத் தேடிப் போனாள்.

*

மழை தூறிக்கொண்டிருந்தது. மரமில்லின் முற்றத்தில் நனைந்த கட்டைகள் யானைக் கூட்டம்போலப் படுத்துக் கிடந்தன. தகரக் கொட்டகைக்குள் பட்டை ரம்பம் ஒரு கட்டையைத் தின்றுகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நர்ஸுக்குப் பல்லே கூசியது.

ரம்பத்தின் முன்னால் நின்று கட்டையைச் செலுத்திக்கொண்டிருந்தவர் சிறுமியின் அப்பா, ரம்பக்காரர். புருவத்திலும் மீசையிலும் மரத்தூள். எதிர்முனையில் அறுந்துவரும் பலகையை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள் அம்மா. இருவருக்கும் நடுவே அந்த அசுரச் சத்தம். ஆனால் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரம்பக்காரர் விரல்களை விரித்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள். அவள் வாயைக் கொஞ்சம் அசைத்தாள், அவர் சிரித்தார். அவர் முஷ்டியை நெஞ்சில் வைத்தார், அவள் கட்டையை விட்டுக் கையை எடுத்தாள். நர்ஸ் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவள் கீழே கிடந்த ஒரு மரச்சில்லை எடுத்து, மூலையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் மேல் எறிந்தாள். மகள் திரும்பினாள். அம்மா புருவத்தை உயர்த்தி வாசலைக் காட்டினாள்.

சிறுமி துள்ளி எழுந்து ஓடி வந்தாள். "பஞ்சு மிஸ்!"

ரம்பம் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் கேட்டது.

"வாங்க சிஸ்டர், உள்ள வாங்க. இந்தப் பலகையில உக்காருங்க, ஈரமில்லாத பலகை இது ஒண்ணுதான்" என்று அம்மா முந்தானையால் மரத்தூளைத் தட்டினாள். கொட்டகையின் பின்பக்கமே வீடு. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு பெரிய விளக்கு. "சிலாம்பு என்ன பண்ணித் தொலைச்சா?"

"சிலாம்பா?"

"இவதான். பொறந்தப்போ அவ்வளவு ஒல்லி. அவங்கப்பா வச்ச பேரு. கட்டையிலேர்ந்து தெறிச்ச சிலாம்பு மாதிரி இருக்கான்னாரு."

ரம்பக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நர்ஸம்மாவா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்துல டி.சி. கொடுக்கப் போறாங்க."

"டீயா? போடச் சொல்றேன், இருங்க" என்றார் ரம்பக்காரர்.

"டீ இல்லங்க, டி.சி.!" என்று அம்மா அவர் முகத்துக்கு நேரே போய் நின்று சொன்னாள். "நம்ம பொண்ண வெளிய அனுப்பறாங்களாம்!"

ரம்பக்காரர் உட்கார்ந்துவிட்டார். "என்ன தப்புப் பண்ணா?"

நர்ஸ் சொன்னாள். அம்மா கேட்கக் கேட்கக் கொதித்தாள். டீத்தூளைப் போட்ட கையோடு கரண்டியை ஆட்டினாள். "திமிரா? என் பொண்ணுக்கா? வீட்ல வந்து பாருங்க சிஸ்டர். கண்ணைக் காட்டினா போதும், எழுந்து ஓடி வருவா. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. ராத்திரி படுத்தா வாய் ஓயாமப் பேசுவா. விளக்கை அணைச்சா அந்த நிமிஷமே பேச்சை நிறுத்திடுவா. அவ்வளவு சமர்த்து!"

நர்ஸின் கையில் டீ கிளாஸ் நின்றது. "விளக்கை அணைச்சா பேச்சை நிறுத்திடுவாளா?"

"ஆமா. இருட்டுல நாம என்ன கேட்டாலும் பதிலே வராது. தூங்கிடுவா போல."

"அவளைக் கூப்பிடணும்னா எப்பவும் சில்லு எறிவீங்களா? பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டீங்களா?"

அம்மா சிரித்தாள். "மில்லுக்காரங்க வீட்ல யாரு சிஸ்டர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா? தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது. சில்லுதான் எங்க டெலிபோன். இவரு என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தப்ப முதல்ல எறிஞ்சதே ஒரு தேக்குச் சில்லுதான். இன்னும் வச்சிருக்கேன். எங்க வீட்ல யாரும் முதுகைக் காட்டிப் பேசவே மாட்டோம். மூஞ்சியைப் பாத்தாதான் பேச்சு."

நர்ஸ் டீயைக் கீழே வைத்தாள். சிறுமி அடுப்படியில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். ரம்பம் நின்றிருந்தது. மழையும் விட்டிருந்தது.

"சிலாம்பு!" என்றாள் நர்ஸ்.

சிறுமி ரொட்டியைக் கடித்தாள்.

"சிலாம்பு, உன் பின்னால பாம்பு!"

அம்மா அலறிக்கொண்டு அடுப்பு மேடையோடு ஒட்டினாள். ரம்பக்காரர் கட்டையைத் தூக்கிவிட்டார். சிறுமி ரொட்டியின் மிச்சத்தை நிதானமாக டீயில் நனைத்தாள்.

அம்மாவின் கண்கள் கணவனிடம் போய், மகளின் முதுகிடம் வந்து, அங்கேயே நின்றுவிட்டன.

"ஆனா மெஷின்ல பாஸாகறா" என்று நர்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய்ச் சிறுமியின் எதிரில் குந்தினாள். "கண்ணு, காது டெஸ்ட்ல எப்ப கை தூக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சிறுமி பெருமையோடு நிமிர்ந்தாள். "அலமாரிக் கண்ணாடியைப் பாத்துத்தான் மிஸ். நீங்க பட்டனை அமுக்கறது அதுல தெரியுமே! அமுக்கினதும் டக்குன்னு கை தூக்கணும். நான் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்ல."

"ஹெட்போன்ல சத்தம் வருமே, அது?"

"சத்தம் வருமா?" சிறுமியின் புருவம் நெளிந்தது. "அது தலை ஆடாம இருக்கறதுக்கு மாட்டறதுன்னு நினைச்சேன்." கொஞ்சம் யோசித்தாள். பல நாள் சந்தேகம் ஒன்று அவிழ்வதுபோல் முகம் மாறியது. "மிஸ், சில பிள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டுக்கூட கை தூக்கறாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியுதுன்னுதான் எனக்குப் புரியவே இல்ல."

*

மறுநாள் காலையில் மருந்து அலமாரியின் மேல் ஒரு கட்டில் விரிப்பு தொங்கியது.

அப்பாவும் அம்மாவும் சுவரோரம் நின்றார்கள். அவர்கள் உடம்பிலிருந்து ஈரமரத்தின் வாசனை அறை முழுக்கப் பரவியது. சிறுமி முக்காலியில் உட்கார்ந்தாள். எதிரே வெறும் வெள்ளை விரிப்பு.

நர்ஸ் அழுத்தினாள். கை உயரவில்லை.

கூட்டினாள். அழுத்தினாள். உயரவில்லை.

இன்னும் கூட்டினாள். இப்போது ஹெட்போனிலிருந்து கசிந்த ஒலி சுவரோரம் நின்ற அம்மாவுக்கே கேட்டது. அம்மா தன்னையறியாமல் கையைத் தூக்கினாள். மகளின் கை மடியிலேயே இருந்தது.

சிறுமி முதுகை நேராக வைத்துக்கொண்டு சமர்த்தாகக் காத்திருந்தாள். நீண்ட நேரத்துக்குப் பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"மிஸ், இன்னும் ஆரம்பிக்கலையா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் பெத்த பொண்ணு. எனக்கே தெரியலையே சிஸ்டர்" என்றாள் வெளியே வந்து. "மூணு வயசுல பெரிய காய்ச்சல் வந்துச்சு. பொழைச்சதே பெருசுன்னு விட்டுட்டோம்."

"எனக்கும்தான் தெரியலை. கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு வச்சதே நான்தான். அதை விடுங்க. கடைசி அளவுல வச்சப்போ கை தூக்கினா. கொஞ்சம் கேக்குது, சுத்தமா இல்லாமப் போகல. டாக்டர்கிட்ட காட்டி மெஷின் மாட்டிட்டா நல்லாக் கேக்கும்."

ரம்பக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எல்லாம் என் ரம்பத்தாலயா நர்ஸம்மா?"

நர்ஸ் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "இல்ல. இது அந்தக் காய்ச்சலா இருக்கணும். உங்க காதைத்தான் ரம்பம் தின்னுக்கிட்டிருக்கு. டி.சி.ன்னா டீங்கறீங்க. நாளையிலேர்ந்து காதுல அடைப்பு மாட்டாம மில்லுல கால் வைக்கக் கூடாது."

"அடுப்பா? எந்த அடுப்பு?" என்றார் ரம்பக்காரர். அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

டாக்டர் பார்த்தார். நர்ஸ் சொன்னது சரிதான் என்றார். இரண்டு காதுக்கும் மெஷின் வைக்கலாம், வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு தாராளமாகப் படிக்கலாம் என்றார்.

ஓட்டமாக ஓடிவந்து தலைமையாசிரியையிடம் சொன்னாள் நர்ஸ். அவர் நாற்காலியில் சாய்ந்தார். அந்த நாற்காலியின் இடது பக்கம் எப்போதும் சுவரை ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் வலது பக்கம்தான் வந்து நிற்க வேண்டும்.



"கண்ணாடியைப் பாத்துத்தான் கை தூக்கினாளா?" என்றார்.

"ஆமா மேடம். அதுதான் டெஸ்டுன்னு நினைச்சிருக்கா."

"கெட்டிக்காரி." அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நர்ஸ் கேட்டதே இல்லை. "ஆனா நீங்க டெஸ்ட் பண்ண விஷயம் தெரிஞ்சு தாளாளர் ஏற்கெனவே போன் பண்ணிட்டார் சிஸ்டர். திமிர்னா டி.சி., காது கேக்காதுன்னாலும் டி.சி. தானாம். காது கேளாத பிள்ளைங்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்காம். ரயில்ல ஒரு நாள் போகணும். விடுதியில தங்கணும். நெருப்புப் பிடிச்சா யார் பொறுப்புன்னு கேக்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

தலைமையாசிரியை மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கினார். "வெள்ளிக்கிழமை வரட்டும்."

*

வெள்ளிக்கிழமை வந்தது. தாளாளரும் வந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த மீசை.

நர்ஸ் உள்ளே போய்த் தன் பங்கைச் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். தவறு தன் அலமாரியில் இருந்தது, பிள்ளையிடம் இல்லை என்று சொன்னாள். தாளாளர் மீசையைத் தடவிக்கொண்டு, "நீங்க வெளிய இருங்கம்மா" என்றார். கதவு சாத்தப்பட்டது.

தலைமையாசிரியையின் அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். வெளியே பெஞ்சில் அப்பா, அம்மா, நடுவில் சிறுமி. மில்லை மூடிவிட்டு வந்திருந்தார்கள். அம்மா மகளின் கையை விடவேயில்லை. "விடுதிக்கு அனுப்ப மாட்டேன் சிஸ்டர். அங்க யாரு இவளுக்குச் சில்லு எறிவா?"

நர்ஸும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளே தாளாளர் கையை ஆட்டினார். தலைமையாசிரியை ஏதோ சொன்னார். கண்ணாடி தடிமனானது. ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

"என்ன பேசறாங்களோ" என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

"'இந்தப் பொண்ணு கணக்குல முதல் மார்க்'ங்கறாங்க மேடம்" என்றாள் சிறுமி.

மூவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"உனக்குத் தெரியுதா?" என்றாள் நர்ஸ்.

"முகம் தெரியுதே மிஸ்."

நர்ஸ் பெஞ்சை விட்டே எழுந்துவிட்டாள். "தாளாளர் என்ன சொல்றார்?"

சிறுமி கண்ணை இடுக்கினாள். "மீசை."

"என்னது?"

"மீசை மறைக்குது மிஸ். அவருக்கு மேலுதடே இல்ல."

"நல்லாப் பாரும்மா" என்று ரம்பக்காரர் கெஞ்சினார்.

"என்னத்தப்பா பாக்கறது? புதர் மாதிரி இருக்கு!"

"ஷ்! மெதுவாடீ. அவருக்குக் கேட்டுடப் போகுது" என்றாள் அம்மா.

"கண்ணாடிக்கு அந்தாண்ட எப்படிக் கேக்கும்?" என்றார் ரம்பக்காரர். அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னது பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் போனது.

மேடம் பேசுவது மட்டும் வந்தது. பாதிப் பேச்சு. மறுபாதியை மீசை விழுங்கியது. "'முன் பெஞ்சில உக்காரவைக்கலாம்.' ... 'டீச்சருங்க போர்டைப் பாத்துப் பேசறதை நிறுத்தட்டும், எல்லாப் பிள்ளைக்கும் நல்லது.' ... 'மணியோட ஒரு சிவப்பு விளக்கு சேர்த்து மாட்டினா போச்சு.' ... 'இல்லை சார்.' ... 'இல்லை சார்.' ... இன்னொரு 'இல்லை சார்' மிஸ்!"

தாளாளர் இப்போது நிறையப் பேசினார். மீசை மேலும் கீழும் வேகமாக ஏறி இறங்கியது. கடைசியில் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அது கண்ணாடியில் அதிர்ந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

தலைமையாசிரியை எழுந்து நின்றார்.

இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றினார். ஏதோ சொன்னார். நீளமாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தாளாளரின் கை மீசைக்குப் போகும் வழியில் அந்தரத்தில் நின்றது.

சிறுமியின் வாய் பிளந்தது. மொழிபெயர்ப்பு நின்றுபோனது.

"என்ன? என்ன சொல்றாங்க?" என்று அப்பா தோளை உலுக்கினார்.

அப்போது தலைமையாசிரியை தற்செயலாகக் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். பெஞ்சில் இருந்த சிறுமி தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. பிறகு சிறுமி மெல்ல முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்தாள்.

மில்லில் அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். *கட்டை என் பிடியில் இருக்கு. நழுவாது.*

உள்ளே தாளாளர் மெதுவாகத் தலையாட்டினார். ஒரு முறை. பிறகு இன்னொரு முறை.

"அப்பா" என்றாள் சிறுமி, "நான் இங்கயே படிக்கலாமாம்."

ரம்பக்காரருக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. தலைமையாசிரியை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, எதிரே அவர் கும்பிட்டபடி நின்றிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசை மரத்தூளில் கோடு போட்டிருந்தது. "ரொம்ப நன்றி மேடம்! சிவப்பு விளக்குக்குச் சட்டம் நான் அறுத்துத் தர்றேன் மேடம்! நல்ல தேக்குல!"

"நான் இன்னும் எதுவுமே சொல்லலையே?" என்றார் தலைமையாசிரியை.

பின்னால் வந்த தாளாளர் கண்ணாடியைப் பார்த்தார், சிறுமியைப் பார்த்தார், அவசரமாகக் கையால் வாயை மூடிக்கொண்டார். நர்ஸ் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தபின் அவள் சிறுமியைத் தனியே பிடித்தாள். "கடைசியா மேடம் எழுந்து நின்னு என்ன சொன்னாங்க?"

"தெரியல மிஸ். திரும்பிக்கிட்டாங்க."

மேடம் திரும்பவேயில்லை. நர்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

*

மெஷின் வந்தது. மாட்டிய முதல் நாள் சிறுமி பள்ளிக்கூடத்தையே ஒரு வழி பண்ணினாள். "மிஸ், காக்கா இவ்வளவு கேவலமாவா கத்தும்?" "மிஸ், எங்கப்பா மூக்கால சோறு திங்கறார், அவ்வளவு சத்தம்!" "மிஸ், நான் நடந்தா செருப்பு பேசுது!" மில்லுக்குள் நுழையும்போது மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அங்கே அது தேவைப்படவில்லை. ரம்பக்காரர் காதில் அடைப்பு மாட்டிக்கொண்டு, பலகை அடுக்கும் மனைவியைப் பார்த்து வாயசைத்தார். அவள் வெட்கப்பட்டுச் சில்லு எறிந்தாள்.

வகுப்பில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தப் பழகினார்கள். பின் பெஞ்சுக்காரர்களுக்குத்தான் திண்டாட்டம், தூங்க முடியவில்லை. மில்லுச் சைகைகள் ஏழாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கும், அங்கிருந்து மைதானத்துக்கும் பரவின. பந்தைப் பிடித்தவன் முஷ்டியை நெஞ்சில் வைத்தான். அபாய மணிக்குப் பக்கத்தில், தேக்குச் சட்டத்துக்குள், சிவப்பு விளக்கு ஏறியது. ஒத்திகை நாளன்று மணி அடித்தபோது ஓவிய அறையிலிருந்து முதலில் இறங்கி வந்தவள் சிலாம்புதான். தலையெண்ணிக்கை சரியாக இருந்தது. மைதானமே கை தட்டியது. அவள் காதைப் பொத்திக்கொண்டு, "மெதுவா! மெதுவா தட்டுங்க!" என்று கத்தினாள்.

அன்று மாலை, பிள்ளைகள் போனபின், நர்ஸ் பஞ்சு ஜாடியை நிரப்பிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. தலைமையாசிரியை.

உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"அந்த விரிப்பை அலமாரி மேல போடுங்க சிஸ்டர்."

"யாருக்கு மேடம்? பிள்ளைங்கல்லாம் போயாச்சே."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளை விரிப்பைப் பார்த்து உட்கார்ந்து, ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். முதுகை நேராக வைத்துக்கொண்டார். சிலாம்பு வைத்துக்கொண்டதுபோலவே.

நர்ஸ் வழக்கப்படி இடது காதிலிருந்து தொடங்கினாள். அழுத்தினாள்.

கை உயரவில்லை.

கூட்டினாள். உயரவில்லை. மெஷினின் கடைசி எல்லை வரைக்கும் கூட்டினாள். மேடத்தின் கை மடியில் அப்படியே இருந்தது. நர்ஸின் விரல் பட்டன்மேல் நின்றது. சுவரை ஒட்டிய நாற்காலி. எப்போதும் முன்னே வரும் வலது தோள். பல்லை எண்ணும் பார்வை. சத்தமாச் சொல்லு, சத்தமாச் சொல்லு.

"இடது பக்கம் நேரத்தை வீணாக்காதீங்க" என்றார் தலைமையாசிரியை, திரும்பாமலே. "அது நான் சிலாம்பு வயசுல இருக்கும்போதே போயிடுச்சு. வலதுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு மட்டும் பாருங்க. அன்னைக்குத் தாளாளர்கிட்ட எழுந்து நின்னு அதைத்தான் சொன்னேன். காது கேக்காதவங்களுக்கு இங்க இடமில்லன்னா, முதல்ல என் நாற்காலியைத் தூக்கி வெளிய போடுங்கன்னு."

அவருடைய வலது கை மெல்ல முஷ்டியாக மடங்கி நெஞ்சுக்குப் போனது.

"அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை விடாமப் படிச்சுட்டா சிஸ்டர். இன்னிவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல."